ஆளுக்கேற்ற சிகிச்சைக்கான சோதனைகள்: ஆராய்ச்சிப் பணம் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும்?

1 | நிலவரசி

எல்லோருக்கும் வணக்கம். ஆராய்ச்சி மானியம் கொடுக்கும் குழு ஒன்றில் நோயாளிகள் தரப்பு உறுப்பினராக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து நான்கு வருடம் கூடவே இருந்தேன், அதுதான் என் தகுதி. அடுத்த மாதம் முதல் கூட்டம்.

ஆளுக்கேற்ற சிகிச்சைக்கு வழிகாட்டும் சோதனைகள்தான் இந்த முறை தலைப்பு. விண்ணப்ப விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்பதால் வகையை மட்டும் சொல்கிறேன். ஒரு சாரார் இரத்தத்திலோ கட்டியிலோ புதிய குறிப்பான் (எந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்று காட்டும் அடையாளம்) தேடப் பணம் கேட்கிறார்கள். இன்னொரு சாரார், ஏற்கெனவே இருக்கும் ஒரு சோதனையைச் செய்து அதன்படி மருந்து கொடுத்தால் நோயாளிக்கு நிஜமாகவே நல்லது நடக்கிறதா என்று பெரிய டிரையல் நடத்தக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதாது.

முதல் வகையைப் படித்தால் உற்சாகமாக இருக்கிறது. இரண்டாவதைப் படித்தால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே தவறோ என்ற சந்தேகம் இரண்டு வாரமாக விடவில்லை. அம்மாவுக்குக் கீமோ தொடங்கும் முன் டாக்டர், "இது உங்களுக்குத் தேவைதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எதற்கும் கொடுத்துவிடுவோம்" என்றார். அவர் மேல் கோபம் இல்லை, அன்றைக்கு அவரிடம் இருந்த விடை அவ்வளவுதான். அப்போது மரத்துப்போன அம்மாவின் விரல் நுனிகள் இன்றும் சரியாகவில்லை. சட்டைப் பொத்தானைத் தடவித் தடவித் தேடுவார். கழுத்துப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள், கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

2 | இரவுப்பணி

நான் புற்றுநோய் மருத்துவன். உங்கள் அம்மாவிடம் சொன்ன அதே வாக்கியத்தை நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எப்படி விடை கிடைத்தது என்று பார்த்தாலே உங்கள் சந்தேகத்துக்குப் பாதி பதில் வந்துவிடும்.

ஹார்மோனுக்குக் கட்டுப்படுகிற, ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லாத, நிணநீர்க் கணுவுக்குப் பரவாத மார்பகப் புற்றுநோயில், கட்டியிலுள்ள 21 மரபணுக்களின் இயக்கத்தை அளந்து மதிப்பெண் தரும் சோதனை ஒன்று 2004 முதலே இருந்தது. மதிப்பெண் மிகக் குறைவு என்றால் கீமோ வேண்டாம். மிக அதிகம் என்றால் வேண்டும். நடுவில் வந்தால்? யாருக்கும் தெரியாது. ஆனால் பெரும்பாலான பெண்கள் அந்த நடுவில்தான் இருந்தார்கள்.

டெய்லர்-எக்ஸ் என்ற டிரையல் இந்த நடுப்பகுதிக்காகவே நடந்தது. 2006 முதல் 2010 வரை 10,273 பெண்கள் சேர்ந்தார்கள். மதிப்பெண் 11 முதல் 25 வரை வந்த 6,711 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், மற்றதற்குக் கீமோவும் மாத்திரையும். முடிவு 2018இல் வந்தது: மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் மொத்தத்தில் பின்தங்கவில்லை. 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில், 16 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தவர்களுக்கு மட்டும் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. அன்று முதல் நான் அந்த வாக்கியத்தைச் சொல்வது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதில் புதிய மரபணு எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. முதல் பெண் சேர்ந்ததிலிருந்து முடிவு வர 12 வருடம். செலவின் பெரும்பகுதி அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் பணம், அதாவது மக்கள் வரி. இன்னொரு சிறு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1998இல் அந்த நாட்டுத் தபால்துறை, வழக்கமான கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் விலையில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தபால்தலை வெளியிட்டது. கடிதத்தில் அதை ஒட்டிய லட்சக்கணக்கான பேர் கொடுத்த சில்லறையில் ஒரு பங்கு இந்த டிரையலுக்குப் போனது.

3 | மெழுகுக்கட்டி

இரவுப்பணி ஐயா சொன்னதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது, அது எங்கள் ஆட்களின் கதை. நான் பாத்தாலஜி லேபில் டெக்னீஷியன்.

அந்த 21 மரபணுச் சோதனையை 2004இல் சரிபார்த்தது புதிய நோயாளிகளிடம் இல்லை. 1980களில் தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரைக்கு நடந்த ஒரு டிரையலில் கலந்துகொண்ட பெண்களின் பாரஃபின் பிளாக்குகளில், அதாவது கட்டித் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளில். 668 பேரின் கட்டித் துண்டுகள். அந்தப் பெண்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது பதிவில் இருந்தது. மெழுகுக்குள் திசு இருந்தது. இரண்டையும் இருபது வருடம் யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான் சில மாதங்களில் விடை கிடைத்தது. இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கிப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

ஒரு பிளாக் என்பது விரல் நுனி அளவு மெழுகு. அதை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினால் நான்கு மைக்ரான் தடிமனில் ஏடு ஏடாக வரும். மூச்சு பட்டாலே சுருண்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் தகட்டால் கீழிருந்து ஏந்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் இப்படிச் சில ஏடுகள் போகும். ஊசி பயாப்ஸியில் வரும் திசு நூலளவுதான், நாலைந்து சோதனை முடிந்தால் பிளாக்கில் மெழுகு மட்டும்தான் மிச்சம். "திசு போதவில்லை" என்று ரிப்போர்ட் எழுதும்போது கை கூசும். அந்த மனிதர் மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டுமே.

அப்புறம் ஃபார்மலின், திசு கெடாமல் ஊறவைக்கும் திரவம். ஹெர்-2 சோதனைக்குத் திசு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்று விதி. வெள்ளிக்கிழமை மாலை அறுவை முடிந்து, திங்கள் விடுமுறை என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் நோயியலாளர் கல்லூரியும் 2007இல் இந்தச் சோதனைகளில் ஏறக்குறைய 20 சதவீதம் தவறாக இருக்கலாம் என்று எழுதிய பிறகுதான் இந்த விதிகளே வந்தன. ஹெர்-2 உள்ள கட்டிக்கான மருந்து டிராஸ்டுசுமாப் 1998இலேயே வந்துவிட்டது! இடைப்பட்ட ஒன்பது வருடத்தில் தவறான விடை பெற்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. மாதிரியை எடுப்பது, ஊறவைப்பது, சேமிப்பது இவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் எந்தக் குழுவும் நிமிர்ந்து உட்காராது. நீங்களாவது கேளுங்கள்.

4 | நுண்ணோக்கி

நான் குறிப்பான் தேடும் பக்கம் இருப்பவள், முனைவர் பட்ட ஆய்வாளர். முதல் வகையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

1960இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் வழக்கத்தைவிடச் சின்னதாக ஒரு குரோமோசோம் இருப்பதைப் பார்த்தார்கள். அதற்கு என்ன பயன் என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுதான் பிலடெல்பியா குரோமோசோம். அதிலிருந்து பிறந்த புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் 2001இல் அனுமதி பெற்றது. இன்று அந்த நோய்க்கு அந்தக் குறிப்பான்தான் சோதனை, அதுவேதான் மருந்தின் இலக்கு. சிகிச்சை சரியாகப் போகிறதா என்று அளந்து பார்ப்பதும் அதை வைத்துத்தான். 1960இல் ஒரு மானியக் குழு "நோயாளிக்கு என்ன பலன்" என்று மட்டும் கேட்டிருந்தால்?

5 | எண்கணக்கு

நுண்ணோக்கி, உங்கள் உதாரணம் சரி. ஆனால் அங்கே குறிப்பான் கண்ணுக்குத் தெரிந்தது, பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இன்று வரும் விண்ணப்பங்கள் அப்படி இல்லை. இருபதாயிரம் மரபணுக்களை நூறு நோயாளிகளிடம் அளந்தால் தற்செயலாகவே பல நூறு "குறிப்பான்கள்" கிடைக்கும். நான் மருத்துவப் புள்ளியியல் பார்க்கிறவன். இதைப் பற்றி நடுநிலையாகப் பேச என்னால் முடியாது.

டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கீமோ மருந்து எந்தக் கட்டிக்கு வேலை செய்யும் என்று மரபணு இயக்கத்தை வைத்தே சொல்லலாம் என 2006இல் ஒரு கட்டுரை வந்தது. அதை நம்பி நோயாளிகளை டிரையலிலும் சேர்த்துவிட்டார்கள். டெக்ஸஸிலிருந்து பேகர்லி, கூம்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரிசை கீழே நழுவியிருந்தது! ஒவ்வொரு அளவும் அடுத்த மரபணுவின் பெயரில் நின்றது. சில இடங்களில் "மருந்துக்கு மசியும்", "மசியாது" என்ற குறிகளே இடம் மாறியிருந்தன. அவர்கள் பல முறை எழுதியும் உடனே யாரும் கேட்கவில்லை. 2010இல்தான் டிரையல்கள் நின்றன, 2011இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சோதனை கைகாட்டிய மருந்தை ஏற்றிக்கொண்ட மனிதர்கள் இருந்தார்கள், நிலவரசி. உங்கள் அம்மா மாதிரி.

அதனால் நான் கேட்கச் சொல்வது ஒன்றே: தரவையும் கணக்கிட்ட நிரலையும் வெளியாள் ஒருவர் எடுத்து, மறுபடி கணக்கிட்டுப் பார்க்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா?

6 | தறி

நோயறிதல் சோதனை தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது அந்த நிறுவனம் இல்லை. பணம் ஏன் நடுவில் நின்றுபோகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மருந்து மாதாமாதம் விற்கும். சோதனை ஒரு ஆளுக்கு ஒரு தடவை. அதற்குமேல் காப்புரிமைச் சிக்கல். தையோபியூரின் என்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவரின் இரத்தத்தில் அதன் சிதைபொருளை அளந்து, அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கும் சோதனைக்குக் கொடுத்த காப்புரிமை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. உடலில் இயற்கையாக நடக்கும் தொடர்புக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது வாதம். அடுத்த வருடம் இயற்கை மரபணுவுக்கும் உரிமை இல்லை என்று மிரியட் என்ற சோதனை நிறுவனத்தின் வழக்கில் சொன்னார்கள். நோயாளிக்கு இரண்டுமே நல்ல தீர்ப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கப்புறம் முதலீட்டாளரிடம் போனால், "இவ்வளவு செலவில் நீங்கள் நிரூபித்ததை நாளைக்கே பக்கத்து லேப் இலவசமாக எடுத்துக்கொள்ளுமே" என்றுதான் முதல் கேள்வி வரும். பதில் சொல்ல முடியாமல் நானே எழுந்து வந்திருக்கிறேன்.

மருந்து நிறுவனத்துக்குத் தேவைப்படும் சோதனைக்கு எப்போதும் பணம் உண்டு. டிராஸ்டுசுமாப் 1998இல் அனுமதி பெற்றபோது கூடவே அதற்கான சோதனையும் வந்தது. காப்புரிமை முடிந்த பழைய மருந்து என்றால்? "இந்த ஆளுக்கு மருந்தைக் குறை", "இவருக்குக் கொடுக்காதே" என்று சொல்கிற சோதனை என்றால்? ஃபுளோரோயூரசில் 1962இல் அனுமதி பெற்ற கீமோ மருந்து. அதை உடைக்கும் நொதி சிலருக்குக் குறைவு, அவர்களுக்கு வழக்கமான அளவே உயிரைக் குடிக்கும் என்பது 1980களிலேயே தெரியும். மருந்து ஏற்றும் முன் சோதியுங்கள் என்று ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைத்தது 2020இல்! முப்பது வருடத்துக்கு மேல். குறிப்பான் கையில்தான் இருந்தது. அதைப் படுக்கையோரம்வரை கொண்டுபோகத் தன் பணத்தைப் போட ஆளில்லை.

7 | வரப்பு

படிக்கப் படிக்க மனசுக்குள் ஒரு கேள்வி. லான்செட் மருத்துவ இதழ் நோயறிதல் பற்றி அமைத்த ஆணையம் 2021இல் சொன்னது என்ன? உலக மக்களில் 47 சதவீதம் பேருக்கு அடிப்படை நோயறிதல் வசதியே கிட்டத்தட்ட இல்லை. இரத்தச் சர்க்கரை பார்க்க முடியாத இடத்தில் 21 மரபணு யாருக்கு? மருத்துவ முடிவுகளில் 70 சதவீதம் லேப் சோதனையை நம்பித்தான் எடுக்கப்படுகிறது என்கிறார்கள். அப்படியானால் முதலில் சாதாரண லேபுக்கு அல்லவா பணம் போக வேண்டும்?

8 | எண்கணக்கு

வரப்பு, உங்கள் கவலை நியாயம். அந்த 70 சதவீதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் மூலத்தைத் தேடிப் போனவர்கள் உறுதியான ஆய்வு எதையும் காணவில்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லிப் பரவிய எண் அது. நிலவரசி அதைக் கூட்டத்தில் சொல்லி யாராவது மடக்கினால் மற்ற நல்ல வாதங்களும் போய்விடும். 47 சதவீதம் ஆணையத்தின் அறிக்கையில் இருப்பதுதான்.

9 | தொட்டில்

பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஆளுக்கேற்ற சோதனை என்றாலே விலை உயர்ந்தது, புற்றுநோய்க்கானது, பெரிய இடத்துக்கானது என்று நினைத்துக்கொள்கிறோம். வரப்பு தம்பிக்காக இதைச் சொல்கிறேன்.

கிருமித்தொற்று என்று சந்தேகம் வந்த குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போட வேண்டும். ஜென்டாமைசின் மலிவானது, நன்றாக வேலை செய்யும், உலகம் முழுக்க அதைத்தான் போடுகிறோம். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்குத் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருக்கும். அந்தக் குழந்தைக்கு அந்த மருந்தே கேட்கும் திறனை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும். இது பல வருடமாகத் தெரிந்த விஷயம். ஆனால் லேபுக்கு அனுப்பினால் விடை வர நாள்கணக்கில் ஆகும், நமக்கு இருப்பதோ ஒரு மணி நேரம்.

மான்செஸ்டரில் ஒரு குழு, கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சால் தடவி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே 26 நிமிடத்தில் விடை தரும் கருவி செய்தது. பணம் பிரிட்டிஷ் அரசின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்தது. 751 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. அவர்கள் முதன்மையாக அளந்தது என்ன தெரியுமா? இந்தச் சோதனையால் மருந்து போடும் நேரம் தள்ளிப்போகிறதா என்பதை. தள்ளிப்போகவில்லை. ஒரு நர்ஸாக எனக்கு அதுதான் முதல் கேள்வி, அதைக் கேட்டிருந்தார்களே என்று படிக்கும்போது நெஞ்சு நிறைந்துவிட்டது. தொடக்கத்தில் சில மாதிரிகளில் கருவி விடையே தரவில்லை. வார்டில் வைத்து ஓட்டியதால்தான் அந்தக் குறை தெரிந்தது, திருத்தினார்கள். மூன்று குழந்தைகளிடம் அந்த எழுத்து மாறியிருந்தது. மூன்று பேருக்கும் வேறு மருந்து போட்டார்கள்.

நிலவரசி, விண்ணப்பத்தில் நர்ஸ் பெயர் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். பஞ்சை எடுத்துத் தடவப்போவது யார் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.

10 | வரப்பு

தொட்டில் அக்கா, இது எனக்குத் தெரியாது. நன்றி. காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியும் இந்த வகைதான் என்று இப்போது உறைக்கிறது. சளியில் கிருமி இருக்கிறதா, காசநோய்க்கான முக்கிய மருந்து ரிஃபாம்பிசினுக்கு அது மசியுமா என்பதை இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதன் பின்னால் இருந்ததும் அரசு ஆராய்ச்சிப் பணமும் அறக்கட்டளைப் பணமும்தான். சரி, என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன்: டிரையலில் யாரைச் சேர்க்கப்போகிறார்கள்?

11 | எண்கணக்கு

மிக முக்கியமான கேள்வி. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் அளவை மரபணு பார்த்து முடிவு செய்யலாமா என்று 2013இல் இரண்டு டிரையல்கள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஐரோப்பிய டிரையலில் பலன் தெரிந்தது. அமெரிக்க டிரையலில் இல்லை. அதிலும் கறுப்பின நோயாளிகளுக்கு, மரபணு பார்த்து அளவு கொடுத்தபோது இரத்த உறைவின் கட்டுப்பாடு இன்னும் மோசமாக இருந்தது. கணக்கீட்டில் சேர்த்த மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டறிந்தவை என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். யாரிடம் ஆராய்ச்சி செய்தோமோ அவர்களுக்குத்தான் அந்தச் சோதனை பொருந்தும். பெரிய பணம் கொடுக்கும் குழு இதைக் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

12 | அமுதன்77

என் அண்ணனுக்கு நுரையீரல் கட்டி, ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர் எக்ஸான் 19 என்று போட்டிருக்கிறது. இது நல்லதா கெட்டதா? யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

13 | நெறியாளர்

அமுதன், ரிப்போர்ட்டுக்கு இங்கே பொருள் சொல்வதில்லை, உங்கள் அண்ணனின் மருத்துவரிடம் கேட்பதே சரி. ஆதரவுப் பகுதியில் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே வாருங்கள், தனியாக விடமாட்டோம்.

14 | இரவுப்பணி

அமுதன் தம்பிக்கு அங்கே எழுதியிருக்கிறேன். அவர் கேட்ட திரிபின் வரலாறே இந்த இழைக்குப் பொருத்தம் என்பதால் இங்கும் கொஞ்சம்.

ஜெஃபிடினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரை 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது யாருக்கு வேலை செய்யும் என்று தெரியாது. சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. 2004இல் கட்டியின் இ.ஜி.எஃப்.ஆர் மரபணுவில் திரிபு (மாற்றம்) உள்ளவர்களுக்குத்தான் கரைகிறது என்று கண்டார்கள். நுண்ணோக்கி, இது உங்கள் பக்கத்து வெற்றி, மறுக்கவில்லை. ஆனாலும் 2009இல் ஐபாஸ் டிரையல் வரும்வரை நாங்கள் ஊகத்தில்தான் ஓடினோம்: பெண்ணா, புகைபிடிக்காதவரா, கொடுத்துப் பார்ப்போம். திரிபு இருந்தால் இந்த மாத்திரை கீமோவைவிட மேல் என்று அந்த டிரையல் காட்டியது. திரிபு இல்லாதவருக்கு இதையே கொடுத்தால் கீமோவைவிட மோசம் என்றும் காட்டியது. இரண்டாவது பாதி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. சோதிக்காமல் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையும் சிலருக்கு மாதங்களைப் பறித்திருக்கிறது. அவர்களில் சிலரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

15 | நுண்ணோக்கி

ஐந்து வருட இடைவெளி என்று எண்ணிப் பார்க்கும்போது உறுத்துகிறது. எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு, குறிப்பான் கிடைத்ததும் கட்டுரை, அடுத்த மானியம், அடுத்த குறிப்பான். பழையதை யார் எடுத்துப்போவார்கள் என்று நாங்கள் கேட்பதே இல்லை, மானியமும் கேட்கச் சொல்வதில்லை. நிலவரசி அக்கா, குறிப்பான் தேடும் விண்ணப்பத்துக்குப் பணம் கொடுத்தாலும், "கிடைத்தால் அடுத்த கட்டத்தை யார் நடத்துவார்கள்" என்ற ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். எனக்கே அதை எழுதக் கஷ்டமாக இருக்கும். பரவாயில்லை.

16 | தறி

மானியம் தவிர இன்னொரு வழியும் உண்டு, அதையும் காதில் போட்டு வைக்கிறேன். பிரிட்டனின் லாஞ்சிட்யூட் பரிசு 2014இல் அறிவித்தார்கள்: ஆன்டிபயாட்டிக் தேவையா, தேவையென்றால் எது என்று உடனுக்குடன் சொல்லும் சோதனை வேண்டும். 2024இல் சிறுநீர்த்தொற்றுக்கான ஸ்வீடன் கருவி ஒன்று 80 லட்சம் பவுண்டு வென்றது. முக்கால் மணி நேரத்தில் எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பத்து வருடம் தாக்குப்பிடிக்க ஏற்கெனவே பணம் உள்ளவர்கள்தான் பரிசுவரை போக முடியும். எங்களைப் போன்றவர்களுக்கு நடுவழிச் செலவுக்கு மானியம்தான் கதி.

17 | நிலவரசி

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது. இடையில் இங்கே எழுத முடியவில்லை.

டிரையல் விண்ணப்பத்தின் பக்கம் பேசினேன். குரல் நடுங்கியது. டெய்லர்-எக்ஸ் பற்றிச் சொன்னபோது குழுவில் பலருக்கு அது தெரிந்திருந்தது, தபால்தலை மட்டும் தெரியவில்லை. ஃபுளோரோயூரசிலின் முப்பது வருடம் என்று சொன்னபோது தலைவர் பேனாவை எடுத்தார். யாரைச் சேர்க்கப்போகிறீர்கள் என்ற வரப்பின் கேள்விக்கு விண்ணப்பதாரர்களிடம் சரியான பதில் இல்லை, அதைத் திருத்தி எழுதித் தர ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள். நர்ஸ் பெயர் இல்லை, தொட்டில் அக்கா. கேட்டேன். சேர்ப்பதாகச் சொன்னார்கள். தரவையும் நிரலையும் வெளியாள் சரிபார்க்கச் சிறு தொகை ஏற்கெனவே இருந்தது. குறிப்பான் தேடும் விண்ணப்பங்களில் ஒன்றுக்குச் சிறிய அளவில் பணம் போகிறது, நுண்ணோக்கி சொன்ன அந்த ஒரு பக்கம் வந்த பிறகு.

அம்மாவிடம் சொன்னேன். "என்னுடைய கட்டி எங்கே இருக்கும் இப்போது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

18 | மெழுகுக்கட்டி

அம்மாவிடம் சொல்லுங்கள்: பெரும்பாலும் அறுவை நடந்த இடத்தின் பாத்தாலஜி பிரிவில், எண் ஒட்டிய இழுப்பறையில் ஒரு பிளாக்காக இருக்கும். கேட்டால் தேடிப் பார்த்துச் சொல்வார்கள். இந்த டிரையலில் மாதிரிகளை எத்தனை வருடம் வைத்திருக்கப் பணம் போட்டிருக்கிறார்கள்?

19 | நிலவரசி

டிரையல் முடியும்வரைதான் போட்டிருந்தார்கள். நீங்கள் சொன்ன இருபது வருடத்தைச் சொல்லி வாதாடினேன். முடிந்தபின் பதினைந்து வருடம் என்று திருத்தியிருக்கிறார்கள். நாளைக்கு அம்மாவின் பிளாக்கைத் தேடிப் போகிறேன்.